தொடை வழியே குழாய் செலுத்தி மார்புக் கட்டிக்கு மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இடது மார்பில் கட்டி இருப்பதை ஒன்றரை ஆண்டுக் காலம் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டார். இப்போது தோல் உடைந்து புண்ணாகி, அவ்வப்போது இரத்தம் கசிகிறது, வாடையும் வருகிறது. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. அறிக்கையில் ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 இரண்டு பிளஸ் என்று இருக்கிறது. மேற்கொண்டு ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்றதால் தள்ளிப்போட்டோம். ஸ்கேனில் அக்குளில் நெறிகட்டியிருப்பதும், கல்லீரலில் மூன்று இடங்களிலும் முதுகெலும்பில் இரண்டு இடங்களிலும் நோய் பரவியிருப்பதும் தெரிகிறது. மருத்துவர் மாத்திரையில் தொடங்கலாம் என்கிறார். எங்களுக்கு அது கைவிட்டது போலத் தோன்றுகிறது. உறவினர் ஒருவர், தொடை வழியாகக் குழாய் செலுத்தி மருந்தை நேரே கட்டிக்குள் விடும் சிகிச்சை ஒரு தனியார் மருத்துவமனையில் இருப்பதாகவும், அதில் முடி கொட்டாது, வாந்தி வராது, கட்டி கரைந்துவிடும் என்றும் சொல்கிறார். நான்கு முறை செய்ய வேண்டுமாம். ஒவ்வொரு முறைக்கும் சில இலட்சங்கள் ஆகுமாம். ஆறு மா நிலத்தை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறோம். உங்கள் ஆலோசனை என்ன?
— ஒரு வாசகர், கும்பகோணம் அருகில்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குழாய் வழிச் சிகிச்சையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். தள்ளிப்போட்ட பரிசோதனையைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அதை மாற்றி வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. ஆனாலும் நீங்கள் கேட்டதற்கே முதலில் வருகிறேன், ஏனென்றால் அந்தச் சிகிச்சை ஏமாற்று வேலை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடக்கூடியது அன்று.

தமனி வழியாக, அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய் வழியாக, உறுப்புக்கு நேரே புற்றுநோய் மருந்தைச் செலுத்தும் முயற்சி, கீமோதெரபியின் வயதை ஏறத்தாழ ஒத்தது. 1950ஆம் ஆண்டிலேயே வாஷிங்டனில் கிளாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் மருந்தைத் தமனிக்குள் சிறுசிறு அளவாகச் செலுத்தி அதன் விளைவுகளை வெளியிட்டார். 1958இல் நியூ ஆர்லியன்ஸில் கிரீச்சும் அவருடைய குழுவினரும், உடலின் ஒரு பகுதியின் இரத்த ஓட்டத்தைப் பிரித்தெடுத்து, வெளியே ஓர் இயந்திரத்தின் வழியாக மருந்தைச் சுற்றவிடும் முறையை விவரித்தார்கள். இன்றும் சில இடங்களில் இத்தகைய சிகிச்சை முதல்தரமானது. குழந்தைகளுக்குக் கண்ணின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவுக்கு, 2006 முதல் கண் தமனிக்குள்ளேயே மெல்ஃபலான் என்ற மருந்தைச் செலுத்தி, அகற்ற வேண்டியிருந்த பல கண்களைக் காப்பாற்றி வருகிறார்கள். கல்லீரலில் தோன்றும் புற்றுநோயில், மருந்தைத் தமனியில் செலுத்தி அந்தத் தமனியையே அடைத்துவிடும் முறை சிலருடைய ஆயுளை நீட்டுகிறது என்பதை 2002இல் ஹாங்காங்கிலும் பார்சிலோனாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. ஆகவே உங்கள் உறவினர் கேள்விப்பட்டது கற்பனை இல்லை. எந்த உறுப்புக்கு, எந்த நிலையில் என்பதில்தான் தவறு நேர்கிறது.

நீங்கள் காவிரிப் பாசனப் பகுதியில் இருப்பவர் என்பதால் இதை எளிதில் விளக்கலாம். கை நரம்பில் ஏற்றும் கீமோ மருந்து இதயத்துக்குப் போய், நுரையீரலைச் சுற்றி, பிறகு உடல் முழுவதற்கும் பங்கிடப்படுகிறது. ஆற்றில் விட்ட தண்ணீர் எல்லா வாய்க்காலுக்கும் பிரிவதைப் போல மார்புக்கு அதில் ஒரு சிறு பங்கே கிடைக்கும். தமனி வழிச் சிகிச்சையில், ஒரு வயலின் தலைமடையிலேயே மருந்தை ஊற்றுகிறோம். முதல் சுற்றில் அந்த வயலுக்கு மிகுந்த அளவு கிடைக்கிறது. ஆனால் வயல் பிடித்து வைத்துக்கொள்ளாத மருந்து எங்கே போகும்? வடிகால் வழியாக வெளியேறிச் சிரைகளில் கலந்து, இதயத்துக்கு வந்து, கை நரம்பில் ஏற்றிய மருந்து செய்வதையே செய்யும். எனவே முடி கொட்டாது, வாந்தி வராது என்ற வாக்குறுதி உண்மையாக வேண்டுமானால், செலுத்தும் மொத்த அளவைக் குறைத்திருக்க வேண்டும், அல்லது திரும்பும் இரத்தத்திலிருந்து மருந்தை வடிகட்டி எடுத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பக்க விளைவு குறையும் என்பது சரிதான். அதே காரணத்தால் கல்லீரலிலும் முதுகெலும்பிலும் இருக்கும் நோய்க்குப் போகும் மருந்தும் குறையும் என்பதை அந்த வாக்குறுதியோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை.

வயல் எவ்வளவு பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதே இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவும்போது ஃப்ளாக்ஸ்யூரிடின் என்ற மருந்தைக் கல்லீரல் தமனியில் செலுத்துவதுண்டு; முதல் சுற்றிலேயே 94 முதல் 99 விழுக்காடு வரை கல்லீரல் அதை உறிஞ்சிவிடுகிறது. உடலின் மற்ற பகுதிகளுக்கு ஏறக்குறைய எதுவும் கசிவதில்லை. மார்புக்கு அத்தகைய உறிஞ்சும் ஆற்றல் கிடையாது. காலைப் போல இறுக்குப்பட்டை கட்டி அதன் இரத்த ஓட்டத்தைத் தனியே பிரிக்கவும் முடியாது.

உடலமைப்பும் ஒரு தடை. கண்ணுக்கு ஒரு முதன்மைத் தமனி இருப்பதைப் போல மார்புக்கு ஒரே தமனி இல்லை. மார்பெலும்பின் பின்னால் இறங்கும் உள் மார்புத் தமனி பெரும்பங்கைத் தருகிறது. அக்குள் பக்கத்திலிருந்து வரும் பக்க மார்புத் தமனி மற்றொரு பங்கைத் தருகிறது. விலா இடைத் தமனிகளின் கிளைகளும் வந்து சேர்கின்றன. பெரிய கட்டிகள் பலவும் இவற்றில் இரண்டு மூன்றிலிருந்து இரத்தம் எடுத்துக்கொள்ளும். ஆகையால் ஒரு தமனியில் மட்டும் குழாயை வைத்தால் கட்டியின் ஒரு பக்கம் மருந்தில் நனைந்து, மறுபக்கம் காய்ந்துகிடக்கலாம். இதைத் தவிர்க்கக் குழாயைச் சற்று முன்னதாக, காறை எலும்பின் கீழ் ஓடும் பெரிய தமனியிலேயே வைத்தால், அங்கிருந்துதான் மூளையின் பின்பகுதிக்குப் போகும் தமனியும் பிரிகிறது. பக்கவாதம் வரக்கூடும் என்ற எச்சரிக்கை ஒப்புதல் படிவத்தில் இருப்பது வெறும் சடங்குக்காக அன்று. மருந்து தோலின் நுண்தமனிகளில் அதிகமாகத் தேங்கினால் தோல் வெந்து கருகுவதும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே தோல் உடைந்திருக்கிறது என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ளுங்கள்.

அப்படியானால் மார்பகப் புற்றுநோயில் இது முயலப்படவே இல்லையா என்றால், ஜப்பானிலும் ஜெர்மனியிலும் சீனாவிலும் பல ஆண்டுகளாக முயன்றிருக்கிறார்கள். கட்டி பெரிதாக, ஆனால் மார்பையும் அக்குளையும் தாண்டாமல் இருந்தவர்களில், கட்டி வேகமாகச் சுருங்கியதாக வந்த அறிக்கைகள் உண்மையானவையே. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை, ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளைப் பற்றித் தானே எழுதியவை. நரம்பு வழியாகக் கீமோ பெற்ற ஒத்த நோயாளிகளோடு குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டவை அல்ல. நரம்பு வழிக் கீமோவிலும் இத்தகைய கட்டிகள் நன்றாகவே சுருங்குகின்றன. அறுவைச் சிகிச்சைக்கு முன் கீமோ கொடுப்பது உலகெங்கும் அன்றாட நடைமுறை. தமனி வழி கொடுத்ததால் நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று காட்டிய பெரிய ஒப்பீட்டு ஆய்வு எதுவும் இல்லை. பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு முதற்சிகிச்சையாகப் பன்னாட்டு வழிகாட்டி நெறிமுறைகள் இதைப் பரிந்துரைக்காததற்கு அதுவே காரணம்.

உங்கள் அம்மாவின் நோயோ மார்பில் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரிவதும், வாடை அடிப்பதும், குடும்பத்தையே கலங்க வைப்பதும் மார்பில் உள்ள புண். ஆனால் அவருடைய ஆயுளைத் தீர்மானிக்கப்போவது கல்லீரலிலும் எலும்பிலும் உள்ள நோய். மார்பில் இருப்பதை முதலில் ஒழித்துவிட்டால் மற்றது தானாக அடங்கும் என்ற எண்ணம் இயல்பானது. மருத்துவர்களான நாங்களும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினோம். அதை நேர்மையாகச் சோதித்துப் பார்த்தது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. பரவிய நிலையில் வந்து முதல் கீமோவில் நல்ல பலன் தெரிந்த 350 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மார்பிலும் அக்குளிலும் அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். மறு பிரிவினருக்கு அவற்றைக் கொடுக்கவில்லை. 2015இல் வெளியான முடிவின்படி, முதல் பிரிவினரின் இடைநிலை வாழ்நாள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 19.2 மாதம், மற்றவர்களுடையது 20.5 மாதம். மார்பில் நோய் திரும்ப வளர்வது குறைந்தது, வாழ்நாள் கூடவில்லை. 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றும் இதே முடிவுக்கு வந்தது. மார்பை முழுவதுமாக அகற்றியே கிடைக்காத ஆயுள், மார்புத் தமனியில் மருந்து ஊற்றுவதால் கிடைக்கும் என்று எதிர்பார்க்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நிலத்தை விற்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது: இந்தச் சிகிச்சைக்காக விற்க வேண்டாம்.

இனி, தள்ளிப்போட்ட பரிசோதனையைப் பற்றிய அந்த ஒரு வரிக்கு வருகிறேன். ஹெர்-2 என்பது புற்றணுவின் மேல் இருக்கும் ஒரு புரதம். சாயம் போட்டுப் பார்க்கும்போது பூச்சியம் அல்லது ஒரு பிளஸ் என்றால் அது மிகையாக இல்லை என்று பொருள். மூன்று பிளஸ் என்றால் மிகையாக இருக்கிறது. இரண்டு பிளஸ் என்பது, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை என்று ஆய்வகம் ஒப்புக்கொள்வது. அந்த ஐயத்தைத் தீர்க்க, புற்றணுவுக்குள் அந்தப் புரதத்துக்கான மரபணு எத்தனை படிகள் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பரிசோதனையின் பெயர் ஃபிஷ். உங்களுக்கு எழுதிக் கொடுத்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதைச் செய்யாமல் எந்த வழியில் மருந்து கொடுப்பது என்று விவாதிப்பது, எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாமல் எந்த வண்டியில் ஏறலாம் என்று கேட்பதாகும்.

ஃபிஷ் பாசிட்டிவ் என்று வந்தால் டிராஸ்டுசுமாப் என்ற இலக்கு மருந்து உங்கள் அம்மாவுக்குப் பயன்படும். இந்த மருந்து 1998இல் நடைமுறைக்கு வந்தபோது நம்மில் பெரும்பாலோரால் அதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. 2014இல் இந்தியாவில் தயாரான மாற்றுகள் விற்பனைக்கு வந்த பிறகு விலை வெகுவாக இறங்கிவிட்டது. இதனோடு பெர்டுசுமாப் என்ற மற்றோர் இலக்கு மருந்தையும் டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, பரவிய ஹெர்-2 நோயுள்ளவர்களின் இடைநிலை வாழ்நாள் 56.5 மாதங்களாக இருந்தது. பெர்டுசுமாப் இல்லாதவர்களுக்கு அது 40.8 மாதம். பெர்டுசுமாபுக்கு வசதி இல்லாவிட்டாலும், டிராஸ்டுசுமாபும் கீமோவும் மட்டுமே கொடுப்பதும் மதிப்புள்ள சிகிச்சைதான். இதயத் துடிப்பாற்றலை எக்கோ மூலம் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபிஷ் நெகட்டிவ் என்று வந்தால், உங்கள் மருத்துவர் சொல்லும் மாத்திரைதான் சரியான தொடக்கம். மாத்திரை என்றதும் கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பங்கள் எண்ணுவதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன்; குழாய், பாட்டில், படுக்கை எல்லாம் இருந்தால்தான் சிகிச்சை என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரையோடு ரிபோசிக்லிப் என்ற இலக்கு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்ட, மாதவிடாய் நின்ற பெண்களின் இடைநிலை வாழ்நாள் 63.9 மாதம் என்பதும், லெட்ரோசோல் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அது 51.4 மாதம் என்பதும் 2022இல் வெளியான முடிவு. அதே வகையைச் சேர்ந்த பால்போசிக்லிபின் காப்புரிமை 2023இல் முடிந்தபின் இந்தியாவில் பல நிறுவனங்கள் அதைக் குறைந்த விலையில் தருகின்றன. கல்லீரலில் புள்ளிகள் இருந்தாலும், கல்லீரல் வேலை செய்துகொண்டிருக்கும்வரை, அதாவது மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீர்கோப்போ இல்லாதவரை, ஹார்மோன் ஏற்பி உள்ள நோய்க்கு (உங்கள் அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ் என்பது இதுதான்) கீமோவை முந்திக்கொண்டு மாத்திரையைக் கொடுப்பதே இன்றைய முறை. இந்த மாத்திரைகள் வெள்ளணுக்களைக் குறைக்கும். தொடக்கத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனையும், ரிபோசிக்லிப் என்றால் இ.சி.ஜி.யும் கட்டாயம்.

புண்ணை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் அம்மாவை இன்று வாட்டுவது கல்லீரல் அன்று, அந்தப் புண்தான். உறவினர்கள் வந்தால் அவர் உள்ளறையிலேயே இருந்துவிடுகிறார் என்றால் எனக்கு வியப்பிராது. வாடைக்குக் காரணம் அழுகிய சதையில் வளரும், காற்று தேவைப்படாத கிருமிகள். மெட்ரோநிடசோல் ஜெல்லை நாள்தோறும் தடவினால் பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே வாடை குறைந்துவிடும். ஜெல் கிடைக்காத இடங்களில் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல்வதும் உண்டு. எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். காய்ந்து ஒட்டிய கட்டுத்துணியை இழுத்துப் பிரிக்காதீர்கள்; உப்புநீரால் நன்றாக நனைத்து ஊறவிட்டு எடுத்தால் இரத்தம் கசிவதில் பாதி நின்றுவிடும். கசிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். அடிக்கடி கசிகிறது என்றால், ஒரு நாளோ ஐந்து நாளோ கொடுக்கும் குறுகிய கதிர்வீச்சு, அதாவது நம் ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்கிறோமே அது, கசிவை நன்றாகக் கட்டுப்படுத்தும். இடம் பார்த்துக் கொடுக்கும் சிகிச்சைகளில் உங்கள் அம்மாவுக்கு இப்போது தேவைப்படக்கூடியது இதுவே. மாத்திரையோ இலக்கு மருந்தோ வேலை செய்யத் தொடங்கினால் புண்ணும் உள்ளிருந்தே சுருங்கி ஆறும்; பல பேருக்குத் தோல் மூடியே விடும்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். முதுகெலும்பில் நோய் இருப்பதால், புதிதாகக் கடுமையான முதுகுவலி, கால்கள் தளர்வது, மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தண்டுவடம் அழுந்தியபின் ஓரிரு நாள் தாமதித்தாலும் நடக்கும் ஆற்றல் திரும்பாமல் போகக்கூடும். எலும்பை உறுதிப்படுத்தும் சோலெட்ரானிக் அமிலம் என்ற ஊசியைப் பற்றியும் கேளுங்கள். அதற்கு முன் பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட வேண்டும்.

தமனி வழிச் சிகிச்சையை நான் எப்போதுமே பரிந்துரைக்க மாட்டேனா என்றால், அப்படிச் சொல்லமாட்டேன். மற்ற இடங்களில் நோய் அடங்கியிருந்து, கதிர்வீச்சும் கொடுத்து முடித்து, மருந்துகளும் பலனளிக்காமல், மார்பிலிருந்து மட்டும் இரத்தம் நிற்காமல் போகும் ஒருவருக்கு, இரத்தக் குழாய்களில் குழாய் செலுத்தும் அனுபவமுள்ள கதிரியல் மருத்துவர் அந்தத் தமனியை அடைத்துக் கசிவை நிறுத்துவது நல்ல வழி. கல்லீரலில் மட்டும் நோய் எஞ்சி, பல மருந்துகள் தோற்ற பிறகு, கல்லீரல் தமனி வழியாக முயன்று பார்ப்பதும் சில மையங்களில் நடக்கிறது. அவை அடுத்தடுத்த கட்டங்களுக்குரியவை. இன்னும் முதல் மருந்தையே தொடாத உங்கள் அம்மாவுக்கு அந்தக் கட்டம் வரவில்லை.

அந்த மருத்துவமனைக்குப் போய்ப் பேசுவதாகவே இருந்தால், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தெந்தத் தமனிகளில், கல்லீரலுக்கும் எலும்புக்கும் என்ன கொடுப்பீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இது ஆராய்ச்சி என்று அவர்கள் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்குப் பதிவெண் இருக்க வேண்டும். 2009 முதல் அது கட்டாயம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தமிழில் படிவமும் இருக்க வேண்டும். சோதனைக்குரிய சிகிச்சைக்கு நோயாளியிடமே இலட்சக்கணக்கில் வாங்குவது முறையன்று. எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை வழியிருக்கிறது. எந்தெந்த மருந்து அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் புதுச்சேரி ஜிப்மர் உங்களுக்குப் பக்கம். காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனையும், 1954 முதல் இயங்கிவரும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் இருக்கின்றன. இரண்டாவது கருத்துக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஃபிஷ் பரிசோதனைக்கு அம்மாவிடமிருந்து மறுபடியும் சதை எடுக்க வேண்டியதில்லை. முதலில் எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். அறிக்கை எண்ணைச் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள், அது உங்கள் உரிமை. நாளைக் காலையில் அதைப் பெற்று, பரிசோதனை செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் புண்ணைக் கவனிக்கத் தொடங்குங்கள், அடிப்படை இரத்தப் பரிசோதனைகளையும் எக்கோவையும் முடித்துவிடுங்கள். நிலத்தைப் பற்றித் தரகரிடம் பேசியிருந்தால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் அதன் நகலோடு எனக்கு எழுதுங்கள்.